சைட்டேஷன் இம்பாக்ட்: ‘மேற்கோள் தாக்கம்’ வேண்டாம், ‘சுட்டுப்பேறு’ வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நுண்புதைபடிவ ஆய்வின் போக்குகளைப் பற்றியும் அந்தத் துறைக் கட்டுரைகளுக்குக் கிடைக்கும் சைட்டேஷன்களைப் பற்றியும் தமிழில் எழுதச் சொற்கள் வேண்டும் என்று தொடங்கிய இழையில் இதுவரை வந்த மடல்களை எல்லாம் படித்தேன். நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய அளவுக்குச் சிறிய புதைபடிவமான மைக்ரோஃபாசிலுக்கு ‘நுண்புதைபடிவம்’ என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. ‘ஆய்வுப் போக்கு’ என்பதும் அப்படியே. சைட்டேஷன் இம்பாக்ட்டில், அதாவது ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை பெயர் சொல்லிக் காட்டின என்ற கணக்கில்தான், எல்லோரும் நிற்கிறோம். நானும் அதைப் பற்றியே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘மேற்கோள் தாக்கம்’ ஏற்கெனவே பரவிவிட்டது. அதை ஏன் மாற்ற வேண்டும்?

பரவியது உண்மைதான். ஆனால் அதன் இரண்டு பாதிகளும் இந்தத் துறையில் இடறுகின்றன.

முதலில் மேற்கோள். ஒருவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எடுத்துத் தருவதைத்தான் நாம் மேற்கோள் என்கிறோம். அதற்கு மேற்கோள்குறியும் போடுகிறோம். ஆய்வுக் கட்டுரைகளில் நடப்பது பெரும்பாலும் அதுவன்று. லிசியெக்கியும் ரேமோவும் 2005-இல் உலகக் கடல்களின் 57 இடங்களில் கிடைத்த, பழங்காலக் கடல் வெப்பத்தையும் பனியின் அளவையும் காட்டும் ஆக்சிஜன் ஐசோடோப்புப் பதிவுகளை அடுக்கி, கடந்த 53 லட்சம் ஆண்டுகளுக்கான ஒரே வளைகோட்டை உருவாக்கினார்கள். எல்ஆர்04 என்று அதைச் சொல்வார்கள். அந்தக் கட்டுரையை ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் உசாத்துணைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதிலிருந்து ஒரு வாக்கியத்தைக்கூட எடுக்கவில்லை. தங்கள் கடலடிப் படிவின் வயதைக் கணிக்க, தங்கள் வளைகோட்டை அந்த வளைகோட்டோடு பொருத்திப் பார்த்தார்கள், அவ்வளவுதான். இதில் மேற்கோள் எங்கே இருக்கிறது?

> அப்படியானால் ‘எடுத்தாட்சி’ என்று வைத்துக்கொள்ளலாமே. பயன்படுத்துவது என்ற பொருள் வந்துவிடும்.

நல்ல சொல். எனக்கும் பிடிக்கும். ஆனால் மறுப்பதற்காகவும் ஒரு கட்டுரையைக் காட்டுகிறோம். ஓடுள்ள ஒற்றைச் செல் கடலுயிர்களுக்கு ஃபோராமினிஃபெரா (சுருக்கமாக ஃபோராம்) என்ற பெயரைத் தந்த டோர்பின்யி, 1826-இல் அவற்றைக் கணவாய், நாட்டிலஸ் இனத்தோடு சேர்த்துத் தலைக்காலிகளாக வகைப்படுத்தினார். அறைகள் வரிசையாக வளர்ந்த ஓட்டைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். 1835-இல் டுஜார்டின் உயிருள்ளவற்றைப் பார்த்து, இவை மிக எளிய அமைப்புள்ள நுண்ணுயிர்கள், தலைக்காலிகள் அல்ல என்று காட்டினார். டுஜார்டின் அந்த வகைப்பாட்டை எடுத்தாண்டார் என்று எழுத முடியுமா? முடியாது. அவர் அதைச் சுட்டினார், மறுத்தார். ஒப்புக்கொண்டாலும் மறுத்தாலும் வெறுமனே பெயர் சொல்லிப் போனாலும் பொருந்துகிற வினை ‘சுட்டுதல்’ ஒன்றுதான். ஆகவே சைட்டேஷன் = சுட்டு, அல்லது சுட்டுகை.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். பேச்சில் ‘சுட்டுட்டான்’ என்றால் திருடிவிட்டான் என்று பொருள். ‘சுட்ட கட்டுரை’ என்றால் களவாடிய கட்டுரை என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஆனால் இங்கே இலக்கணமே நமக்குத் துணை. அந்தச் சொல் ‘சுடு’ என்ற வேரிலிருந்து வருவது: சுட்ட, சுடப்பட்ட. நம் சொல்லின் வேர் ‘சுட்டு’: சுட்டிய, சுட்டப்பட்ட. ‘சுட்டிய கட்டுரை’, ‘சுட்டப்பட்ட கட்டுரை’ என்று எழுதினால் குழப்பத்துக்கு இடமே இல்லை. எழுதுபவர் வடிவத்தில் கவனமாக இருந்தால் போதும்.

அடுத்து தாக்கம். பொதுவான நூலகவியல் கட்டுரையில் இது சமாளித்துப் போகலாம். நுண்புதைபடிவத் துறையில் முடியாது, ஏனென்றால் இங்கே தாக்கம் என்றால் விண்கல் தாக்கம். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் சிக்ஷுலூப்பில் விழுந்த விண்கல்லும், இத்தாலியின் குப்பியோவில் ஒரு மெல்லிய களிமண் அடுக்குக்குக் கீழே பெரிய ஃபோராம்களும் மேலே மிகச் சிறியவை மட்டுமே இருப்பதும் இந்தத் துறையில் மிக அதிகமாகப் பேசப்படுபவை. விண்கற்களில் மிகுந்திருக்கும் இரிடியம் என்ற உலோகத்தை வைத்து விண்கல் கருதுகோளை முன்வைத்த அல்வாரெஸ் குழுவின் 1980 கட்டுரைக்குக் கிடைத்த சைட்டேஷன் இம்பாக்ட்டைப் பற்றித் தமிழில் ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். ‘தாக்கக் கட்டுரையின் மேற்கோள் தாக்கம்’ என்று வரும். எந்தத் தாக்கம் எது என்று வாசகர் திணறுவார்.

> தாக்கத்துக்குப் பதில் ‘வீச்சு’?

இதைச் சொன்னவர் நன்றாக யோசித்துத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் இயற்பியலில் ஆம்ப்ளிட்யூடுக்கு வீச்சு என்ற சொல் ஊன்றிவிட்டது. பனியூழிச் சுழற்சியின் வீச்சு என்பதை இந்தத் துறையில் பக்கத்துக்குப் பக்கம் எழுத வேண்டியிருக்கும். ‘பரவல்’ என்றால் உயிரினப் பரவலோடு மோதும். இரண்டையும் விட்டுவிடுவோம்.

உண்மையில் அந்த எண் எதை அளக்கிறது என்று பார்த்தால் சொல் தானாகவே கிடைக்கிறது. ஒரு கட்டுரை மற்றவர்களிடமிருந்து எத்தனை சுட்டுகளைப் பெற்றது என்பதைத்தான் அது எண்ணுகிறது. அது அறிவியலை மாற்றியதா, மற்றவர் சிந்தனையைத் திருப்பியதா என்பதை அந்த எண் சொல்லாது. பெறுவது பேறு. ஆகவே சுட்டுப்பேறு. ஒரு கட்டுரையின் சுட்டுப்பேறு, ஓர் இதழின் சுட்டுப்பேறு, ஒரு துறையின் சுட்டுப்பேறு. மகப்பேறு, நற்பேறு போல நாவுக்குப் பழகிய அமைப்புதான். நல்லது கெட்டது என்ற தீர்ப்பை எண்ணுக்குள்ளேயே திணிக்காத சொல் என்பதால்தான் இதைக் கேட்கிறேன். அளவியல் மொழியில் அந்த நேர்மை வேண்டும்.

இம்பாக்ட் ஃபேக்டருக்கும் இதே வழி. அது ஒரு காரணி அல்ல, ஒரு விகிதம்: ஓர் இதழ் முந்தைய 2 ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த சுட்டுகளை, அந்த 2 ஆண்டுகளின் கட்டுரை எண்ணிக்கையால் வகுப்பது. ‘சுட்டுப்பேற்று விகிதம்’ என்றால் அதைப் படித்தவுடன் புரியும்.

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம். சுட்டு என்ற சொல்லை நான் இவ்வளவு விடாப்பிடியாகக் கேட்பதற்குக் காரணம், நம் இலக்கணம் அதை ஏற்கெனவே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவு இந்தத் துறைக்கு அப்படியே தேவைப்படுகிறது.

ஆழ்கடல் ஐசோடோப்பு ஆய்வில் சிபிசிடாய்டஸ் வுல்லர்ஸ்டார்ஃபி என்ற ஃபோராமைத் தவிர்க்கவே முடியாது. கடலடியில் வாழும் இதன் ஓட்டிலிருந்துதான் பழங்கால ஆழ்கடல் நீரின் வெப்பத்தையும் துருவப் பனியின் அளவையும் ஊகிக்கிறார்கள். இந்த இனத்தை 1866-இல் முதன்முதலில் விவரித்தவர் ஷ்வாகர். நோவாரா கப்பல் பயணத்தில் சேகரித்த கார் நிக்கோபார் தீவின் படிவுகளிலிருந்து இதைக் கண்டெடுத்து, அந்தப் பயணத்தின் தளபதி வுல்லர்ஸ்டார்ஃபின் பெயரைச் சூட்டினார். இன்று ஒரு கட்டுரை இந்த ஓட்டை நூற்றுக்கணக்கில் பொறுக்கி, அளந்து, பெரிய முடிவுகளுக்கு வருகிறது. அதன் உசாத்துணைப் பட்டியலில் ஷ்வாகர் இருப்பாரா? பெரும்பாலும் இருக்க மாட்டார். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் ஷ்வாகர், 1866 என்று வந்தால் உண்டு. பட்டியலில் இல்லாததைக் கணினித் தரவுத்தளம் எண்ணாது. ஆக, அவருடைய சுட்டுப்பேறு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, அவருடைய விவரிப்பு இல்லாமல் அந்தக் கட்டுரையே இல்லை.

இதை வகைப்பாட்டியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருத்தப்படுகிறார்கள். ஆனால் எண்ணப்படாத அந்தச் சுட்டுக்கு, எனக்குத் தெரிந்தவரை, அவர்களிடம் ஒரு பெயர் இல்லை. நமக்கு இருக்கிறது. ‘அப்பையன்’ என்பதில் ‘அ’ சொல்லுக்கு வெளியே நிற்கிறது. அதை நீக்கினாலும் ‘பையன்’ என்ற சொல் பொருள் தரும். அது புறச்சுட்டு. ‘அவன்’ என்பதில் ‘அ’ சொல்லுக்குள்ளேயே கலந்திருக்கிறது. நீக்கினால் மிச்சத்துக்குப் பொருளே இல்லை. அது அகச்சுட்டு. உசாத்துணைப் பட்டியலில் வருவது புறச்சுட்டு. இனப்பெயருக்குள் கரைந்து நிற்பது அகச்சுட்டு.

> விலங்குப் பெயரிடல் விதிகளின்படி ஆசிரியர் பெயர் இனப்பெயரின் பகுதியே அல்ல. அதை எழுதுவதும் எழுதாததும் விருப்பம். அப்புறம் எப்படி அகச்சுட்டு ஆகும்?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், விதி அப்படித்தான் சொல்கிறது. ஒவ்வொரு நூலிலும் ஒரு முறையாவது ஆசிரியர் பெயரைத் தருவது நல்லது என்று பரிந்துரை மட்டும் செய்கிறது. ஆனால் நான் அகச்சுட்டு என்பது ஷ்வாகர் என்ற பெயரை அல்ல. ‘வுல்லர்ஸ்டார்ஃபி’ என்று எழுதியவுடனேயே, ஷ்வாகர் பெயரை எழுதினாலும் எழுதாவிட்டாலும், 1866-இன் விவரிப்பும் அவர் முன்வைத்த மாதிரி ஓடும் சுட்டப்படுகின்றன. வேறெதையும் அந்தச் சொல் குறிக்க முடியாது. விவரிப்பு இல்லாமல் அச்சேறிய பெயரை அதே விதிகள் வெறும்பெயர் என்று தள்ளிவிடுகின்றன. விவரிப்பை எடுத்துவிட்டால் மிச்சத்துக்குப் பொருள் இல்லை. அகச்சுட்டின் இலக்கணம் இதுதானே? ஆங்கிலத்தில் இதற்கு ஈடான ஒற்றைச் சொல் எனக்குத் தெரிந்து இல்லை. நாம் மொழிபெயர்க்க உட்கார்ந்த இடத்தில் ஒரு புதிய கருத்தே நமக்குக் கிடைத்திருக்கிறது. இதை விட்டுவிடக் கூடாது.

இந்தப் பிரிவு கையில் இருந்தால் துறையின் போக்குகளையே வேறு மாதிரி படிக்கலாம். 1976-இல் ஹேஸ், இம்ப்ரீ, ஷாக்கிள்டன் மூவரும் பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்களே பனியூழிகளின் தாளத்தை அமைக்கின்றன என்று காட்டிய கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக் கடலடியிலிருந்து துளைத்தெடுத்த இரண்டு படிவுத் தண்டுகள், 4,50,000 ஆண்டு வரலாறு. அவர்கள் அளந்தவை மூன்று: குளோபிஜெரினா புல்லாய்டஸ் என்ற ஃபோராம் ஓட்டின் ஆக்சிஜன் ஐசோடோப்பு, ரேடியோலேரியா என்ற இன்னொரு வகை ஒற்றைச் செல் கடலுயிர்க் கூட்டங்களிலிருந்து கணித்த கோடைக்கால நீர் வெப்பம், சைக்ளடோஃபோரா டேவிசியானா என்ற ரேடியோலேரியனின் விழுக்காடு. முதல் இனம் டோர்பின்யி 1826-இல் பெயரிட்டது, மூன்றாவது ஏரன்பெர்க் பெயரிட்டது. பருவநிலை அறிவியலின் தூண்களில் ஒன்றான அந்தக் கட்டுரைக்குப் புறச்சுட்டுகள் குவிந்தன. அது நின்ற தளம் அகச்சுட்டுகளால் ஆனது. புறச்சுட்டை மட்டும் எண்ணி வரைபடம் போட்டால், 1970-களுக்குப் பிறகு வகைப்பாடு தேய்ந்து, பழங்காலக் கடல்களை ஆராயும் தொல்கடலியல் வளர்ந்தது என்று மட்டும் தெரியும். அகச்சுட்டையும் எண்ணினால், தொல்கடலியல் வளர வளரப் பழைய வகைப்பாட்டின் பயன் ஏறிக்கொண்டே போனது தெரியும். இரண்டும் ஒரே காலத்தில் உண்மை. நிதி ஒதுக்குபவர்கள் முதல் வரைபடத்தை மட்டும் பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

இப்போது படங்களிலிருந்து ஃபோராமை அடையாளம் காணும் கணினிகளும் வந்துவிட்டன. 2019-இல் வெளிவந்த ஒரு திறந்த தொகுப்பில் வல்லுநர்கள் பெயரிட்ட 34,000-க்கும் மேற்பட்ட ஃபோராம் படங்கள் இருக்கின்றன. அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் ஓர் அகச்சுட்டுதான். இயந்திரம் கற்றுக்கொள்வதே அந்தப் பெயர்களைத்தான்.

இடையில் நழுவும் சுட்டு ஒன்றும் உண்டு. மூல விவரிப்புக்குப் போக வேண்டிய சுட்டு, தொகுத்தவருக்குப் போய்விடும். லோப்லிக், டாப்பன் இருவரின் 1988 ஃபோராம் பேரினத் தொகுப்பு இந்த வகையில் ஏராளமான சுட்டுகளைப் பெற்றது. உழைப்பு மாபெரும் உழைப்புதான், குறை சொல்லவில்லை. ஆனாலும் இதற்கு ‘வழிச்சுட்டு’ என்று ஒரு சொல் வைத்துக்கொண்டால் எழுத வசதியாக இருக்கும்.

எண்ணெய்த் துறையைப் பற்றியும் ஒரு வரி. 1920-களில் தொடங்கி, துளையிட்ட பாறையின் வயதைச் சொல்ல ஃபோராம்களையே அந்தத் துறை நம்பியிருந்தது. அந்த வேலையின் பெரும்பகுதி நிறுவனங்களின் உள் அறிக்கைகளாகவே நின்றது, அச்சுக்கு வரவில்லை. அங்கே புறச்சுட்டுக்கே வழியில்லை. அதனால் சுட்டுப்பேற்றை வைத்து ‘போக்கு’ வரையும்போது ‘அச்சேறிய ஆய்வின் போக்கு’ என்றே தலைப்பிடலாம் என்பது என் கருத்து.

மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியீடுகளையும் சுட்டுகளையும் எண்ணி ஆராயும் பிப்ளியோமெட்ரிக்ஸுக்கு ‘நூலளவியல்’ போதும். 1969-இல் பிரிச்சர்ட் அந்த ஆங்கிலச் சொல்லைப் பரப்புவதற்கு முன்பே, 1948-இல் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் ‘லைப்ரமெட்ரி’ என்று சொல்லிவிட்டார். அதற்கு ‘நூலக அளவியல்’ என்று தனியாக வைத்துக்கொண்டால் இரண்டும் கலக்காது. ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளையும் அவற்றின் சுட்டுகளையும் சேர்த்து ஒற்றை எண்ணாகச் சொல்லும் ஹெச்-இண்டெக்ஸை ‘ஹெச் எண்’ என்றே விடலாம். ஓர் இதழுக்கு ஓராண்டில் கிடைக்கும் சுட்டுகளில் பாதி எத்தனை ஆண்டுக்குட்பட்ட கட்டுரைகளுக்குப் போகின்றன என்று காட்டும் சைட்டட் ஹாஃப்-லைஃபுக்குச் ‘சுட்டு அரைவாழ்வு’. தொல்லுயிரியல் இதழ்களில் இது 10 ஆண்டைத் தாண்டுவது வழக்கம். 2 ஆண்டுச் சாளரத்தில் கணிக்கும் சுட்டுப்பேற்று விகிதம் ஏன் இந்தத் துறைக்குப் பொருந்தவில்லை என்பதை விளக்க இந்தச் சொல் அடிக்கடி வேண்டியிருக்கும்.

நெடுங்காலம் யாரும் சுட்டாமல் கிடந்து பிறகு திடீரெனச் சுட்டப்படும் கட்டுரையை 2004-இல் வான் ரான் உறங்கும் அழகி என்றார். நம் வேளாண் சொல்லான விதையுறக்கத்திலிருந்து ‘உறங்குவிதை’ என்று எடுக்கலாம் எனத் தோன்றுகிறது. முளைக்கும் ஆற்றல் உள்ளேயே இருந்தது, காலம் வரவில்லை என்ற கருத்து அதில் தானே வந்துவிடுகிறது.

எனக்கு இன்னும் விடை கிடைக்காதது ஒன்று உண்டு. தன் கட்டுரையைத் தானே சுட்டுவதை ‘தற்சுட்டு’ என்றால் போதும். ஆனால் ஒருவர் தான் பெயரிட்ட இனத்தைத் தன் அடுத்த கட்டுரையில் பயன்படுத்தினால் அது தற்சுட்டா, அகச்சுட்டா, இரண்டுமா? எண்ணும்போது அதைச் சேர்ப்பதா, கழிப்பதா? வகைப்பாட்டில் பழகியவர்கள் இந்தக் குழுமத்தில் இருக்கிறீர்கள். உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு நம் சொற்பட்டியலில் அந்த வரியை நிரப்புகிறேன்.