பெரிய ஃபைல் டவுன்லோட் ஆனா உடைஞ்சு வருது: லைன் கோளாறா, கம்ப்யூட்டர் கோளாறா?

கட்டபெட்டு_பிசி:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம், வீட்டு டெஸ்க்டாப். நாலாம் தலைமுறை ஐ3, டிடிஆர்3 4 ஜிபி ரேம் ரெண்டு, 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10, ஃபைபர் லைன். ஐப்பசி மழை ஆரம்பிச்சதுல இருந்து பெரிய ஃபைல் எதை இறக்கினாலும் கெட்டுப்போய்தான் வருது. உபுண்டு 24.04 ஐஎஸ்ஓ (அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தை இன்ஸ்டால் பண்ற ஃபைல்), சுமார் 6 ஜிபி, மூணு தடவை இறக்கியாச்சு. மூணும் இன்ஸ்டால் ஆகும்போது பாதியில நிக்குது. ஜிப் ஃபைலைப் பிரிச்சா "சிஆர்சி எரர்", அதாவது உள்ளே இருக்கிறது கெட்டிருக்குன்னு வருது. பிடிஎஃப், பாட்டு மாதிரி சின்னதெல்லாம் நல்லாத்தான் இருக்கு.

லைன்காரர் ரவுட்டரை மாத்திக் கொடுத்தார், மாற்றமில்லை. போன் ஹாட்ஸ்பாட்டுல இறக்கினாலும் இதே கதைதான். மலை உயரத்துக்கு ஹார்டு டிஸ்க் இப்படித்தான் பண்ணும்னு ஒருத்தர் சொல்றார். எங்க இருந்து பார்க்க ஆரம்பிக்கணும்?

குன்னூர்_சிம்ஸ்பார்க்:

லைனை விட்டுவிடுங்கள். ரவுட்டர், ஃபைபர், ஹாட்ஸ்பாட் எல்லாம் மாறியும் கோளாறு மாறவில்லை என்றால் அது உங்கள் பெட்டிக்குள் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைய இணைப்பு) வழியாக வரும் ஒவ்வொரு துண்டும் சரிபார்க்கப்படுகிறது. வழியில் ஒரு பிட் மாறினாலும் இணைப்பு அறுந்துபோகும். கெட்ட துண்டு சத்தமில்லாமல் டிஸ்க்கில் போய் உட்காராது. மோசமான லைன் டவுன்லோடை நிறுத்தும், அரைகுறையாக விடும். முழு அளவில் வந்தும் உள்ளே கெட்டிருந்தால், அது லைனின் வேலை இல்லை.

அதனால் முதலில் அளவைப் பாருங்கள். ஃபைல் மேல் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், அதில் "சைஸ்" என்ற வரியில் இருக்கும் பைட் எண்ணிக்கை ("சைஸ் ஆன் டிஸ்க்" அல்ல). தளம் சொல்லும் அளவோடு ஒரு பைட்கூடப் பிசகக் கூடாது. பெரிய ஃபைல் வெறும் சில கேபி அளவில் வந்திருந்தால் நோட்பேடில் திறந்து பாருங்கள். பெரும்பாலும் லாகின் பக்கமோ பிழைப் பக்கமோ அதே பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும்.

அளவு சரி என்றால் ஹாஷ், அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான எண். ஒரு பிட் மாறினாலும் அது மாறிவிடும். 7-ஜிப் போட்டிருந்தால் ரைட் கிளிக் மெனுவில் "சிஆர்சி ஷா" இருக்கும், அதில் ஷா-256 தேர்ந்தெடுங்கள். 64 எழுத்து வரும். உபுண்டு தளத்தில் ஐஎஸ்ஓவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஷா-256 பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

இனி முக்கியமான சோதனை. அதே ஃபைலுக்கு, மறுபடி இறக்காமல், மூன்று நான்கு தடவை ஹாஷ் எடுங்கள். பிறகு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வந்தால், படிக்கும்போதே தவறுகிறது: ரேம் அல்லது டிஸ்க் கேபிள். எப்போதும் ஒரே தவறான எண் என்றால் எழுதும்போதே கெட்டுவிட்டது. ரீஸ்டார்ட் ஏன் என்றால், சற்று முன் எழுதிய ஃபைலின் பெரும் பகுதி ரேமிலேயே தங்கியிருக்கும். அதிலிருந்து படித்துவிட்டு டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவோம்.

உயரம் காரணமில்லை. சாதாரண ஹார்டு டிஸ்க்குகள் பெரும்பாலும் 3,000 மீட்டர் வரை ஓட வடிவமைக்கப்பட்டவை. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான்.

கட்டபெட்டு_பிசி:

நன்றி சார். அளவு பைட் கணக்கா சரியா இருக்கு. ஹாஷ் நாலு தடவை எடுத்தேன், நாலும் வேற வேற. டிஸ்க்கோட நிலையைக் காட்டுற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவுல 05, சி5 (ரெண்டும் டிஸ்க்கில கெட்ட இடங்களோட கணக்கு), சி7 மூணுமே பூஜ்ஜியம். டிஸ்க் பிழையைத் தேடிச் சரிசெய்யிற விண்டோஸோட செக்டிஸ்க்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டுமா?

குன்னூர்_சிம்ஸ்பார்க்:

வேண்டாம்! ரேம் சரி என்று தெரியும் வரை செக்டிஸ்க்கைத் தொடவே கூடாது. பிழையைத் திருத்தச் சொல்லி ஓட்டினால், செக்டிஸ்க் டிஸ்க்கின் அட்டவணையை (எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்) ரேமுக்குக் கொண்டுவந்து திருத்தித் திரும்ப எழுதும். ரேமே பொய் சொன்னால், நன்றாக இருக்கும் அட்டவணையைத் தப்பு என்று நினைத்து "சரிசெய்து" வைக்கும். அதோடு ஃபோல்டர்கள் போகும். டிஃப்ராக், விண்டோஸ் அப்டேட், பேக்கப் எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள்.

சி7 என்பது கேபிள் வழியில் நடந்த பிழைகளின் எண்ணிக்கை. அது பூஜ்ஜியம் என்றால் சாட்டா கேபிளை (டிஸ்க்கைப் போர்டோடு இணைப்பது) பெரிதாகச் சந்தேகிக்க வேண்டாம். மிஞ்சுவது ரேம். சின்ன ஃபைல் தப்பிப்பதும் அதனால்தான்: கெட்ட இடம் சில பைட்தான் இருக்கும், 3 எம்பி பாட்டு அதில் போய் விழ வாய்ப்பு குறைவு, 6 ஜிபி ஐஎஸ்ஓ ரேமின் பெரும்பகுதியைத் தடவிக்கொண்டு போகும்.

கோடை_ஏரிக்கரை:

ரேம் சோதனைக்கு மெம்டெஸ்ட்86+ போதும், இலவசம்தான். விண்டோஸ் இல்லாம பென் டிரைவ்ல இருந்தே ஓடும். பென் டிரைவ்ல ஏத்துற வேலையை வேற நல்ல கம்ப்யூட்டர்ல செய்யுங்க. உங்க மிஷின்ல செஞ்சா பென் டிரைவ்ல எழுதுறதே தப்பா ஏறிடலாம்.

ரெண்டு ரேமும் போட்டபடி முதல்ல ஓட்டுங்க. சிவப்பு வரி ஒண்ணே ஒண்ணு வந்தாலும் தோல்விதான், "ஒரு எரர்தானே"ன்னு விடக் கூடாது. பிழை வரலைன்னா குறைஞ்சது நாலு பாஸ் (ஒரு முழுச் சுற்று சோதனைதான் ஒரு பாஸ்), ராத்திரி முழுக்க ஓடட்டும். சில பிழை மிஷின் சூடேறின பிறகுதான் தலை காட்டும். பிழை வந்தா ஒவ்வொரு ரேமா, ஒரே ஸ்லாட்டுல வச்சுப் பாருங்க. கெட்டதுன்னு தோணுறதை அடுத்த ஸ்லாட்டுலயும் போட்டுப் பாருங்க. பிழை ரேம் கூடவே போனா ரேம் கோளாறு, ஸ்லாட்டுலயே தங்கினா போர்டு கோளாறு.

தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி துடைங்க. நம்ம மலையில மழை மாசத்துல மேகம் வீட்டுக்குள்ளயே வந்துட்டுப் போகும். நாள்கணக்கா அணைச்சே கிடக்கிற மிஷின்ல ஈரம் படிஞ்சு ரேம் காலுங்க மேல மெல்லிசா ஒரு படலம் கட்டிக்கும். பிளக்கைப் பிடுங்குங்க, பவர் பட்டனைப் பத்து செகண்ட் அழுத்திப் பிடிங்க, கேபினட் இரும்பை ஒரு தடவை தொடுங்க. பள்ளிப் பிள்ளைங்க வச்சிருக்கிற வெள்ளை ரப்பரால ரேமோட தங்கக் கால்களை மெதுவாத் தேய்ச்சு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைச்சு, காய்ஞ்ச பிறகு மாட்டுங்க. ஸ்லாட்டை வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம் உள்ள போகும். பிரஷ் போதும்.

மழைக் காலத்துல தினமும் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்க, அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். ஜன்னல் ஓரம், சிமெண்டுத் தரை ரெண்டும் வேண்டாம்.

முத்தோரை_வாசகன்:

உயரத்தைப் பற்றி ஒரு சிறு திருத்தம். ரேமில் எப்போதாவது ஒரு பிட் தானாக மாறுவதற்குக் காஸ்மிக் கதிரும் ஒரு காரணம், மேலே போகப்போக அது கூடும் என்பதும் உண்மை. ஊட்டியில் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் அந்தக் கதிர்களைத்தான் அளக்கிறது. ஆனால் அது மிக அரிதாக, எங்கோ ஒரு பிட்டில் நடப்பது. நான்கு ஹாஷும் நான்கு விதமாக வருவதற்கு அது காரணமாக முடியாது.

கட்டபெட்டு_பிசி:

ரெண்டு ரேமும் சேர்த்துப் போட்டு ஓட்டினா பத்து நிமிஷத்துல சிவப்பு. ஒண்ணு நாலு பாஸும் சுத்தம். இன்னொண்ணு ரெண்டு ஸ்லாட்டுலயும் பிழை, ரப்பர் போட்டுத் தேய்ச்ச பிறகும் அப்படியே. இப்ப ஒத்தை 4 ஜிபியில ஓடுது, எத்தனை தடவை ஹாஷ் எடுத்தாலும் ஒரே எண்தான். ஆனா அது தளத்துல இருக்கிற எண் இல்லை. திரும்ப 6 ஜிபி இறக்கணுமா? இந்த மாச டேட்டா முடியப்போகுது.

கோடை_ஏரிக்கரை:

வேண்டாம். அதே ஐஎஸ்ஓவோட டோரண்ட் ஃபைல் (ஒவ்வொரு துண்டோட ஹாஷும் இருக்கிற சின்ன ஃபைல்) உபுண்டு தளத்துலயே இருக்கு. டோரண்ட் இறக்குற க்யூபிட்டோரண்ட் சாஃப்ட்வேர்ல அதைச் சேர்க்கும்போது, கெட்ட ஐஎஸ்ஓ இருக்கிற ஃபோல்டரையே சேமிக்கிற இடமாக் காட்டுங்க. பேர் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. பிறகு "ஃபோர்ஸ் ரீசெக்". துண்டு துண்டாச் சரிபார்த்து, கெட்ட துண்டுகளை மட்டும் இறக்கும். முடிஞ்சதும் ஷா-256 எடுத்துப் பாருங்க.

புது ரேம் வாங்கும்போது மிச்சமிருக்கிற ரேமோட ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துட்டுப் போங்க, வேகமும் வோல்ட்டும் அதுல இருக்கும். பழசு வாங்கினா, மெம்டெஸ்ட்ல பிழை வந்தா திருப்பி எடுத்துக்கணும்னு கடையில முன்னாடியே பேசிக்கோங்க.

குன்னூர்_சிம்ஸ்பார்க்:

இன்னொன்றை மறந்துவிடாதீர்கள். டவுன்லோட் கெட்டது கண்ணில் பட்டது. அதே மாதங்களில் போனிலிருந்தும் கேமராவிலிருந்தும் இந்தக் கம்ப்யூட்டருக்கு காப்பி செய்த படங்களும் இதே ரேம் வழியாகத்தான் போயிருக்கின்றன. படம் பாதியில் சாம்பல் நிறமாகவோ நிறம் விலகியோ தெரிந்தால் அது கெட்டது. மூலப் படம் கார்டில் இன்னும் இருந்தால், இப்போதே வேறு ஃபோல்டரில் மறுபடி காப்பி எடுங்கள். ஜிப்களை 7-ஜிப்பில் "டெஸ்ட் ஆர்கைவ்" கொடுத்துப் பார்த்துவிடலாம். ஐப்பசிக்கு முன் எடுத்த பேக்கப் ஏதாவது வெளி டிஸ்க்கில் இருந்தால், அதன் மேல் புதியதை எழுதாதீர்கள். இப்போதைக்கு உங்களிடம் உள்ள நம்பகமான பிரதி அதுதான்.