டவுன்ரிகர் ஆழக் கவுன்ரர் பூச்சியத்துக்குத் திரும்பி வருவதில்லை. பெல்ற் மட்டும் மாற்றினால் போதுமா?

தாளையடிப் படகு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தாளையடியில் 18 அடி கண்ணாடியிழைப் படகு வைத்திருக்கிறேன். வலைத்தொழில்தான் பிரதானம். வாடைக்காற்று தணிந்து கடல் அடங்கிய பிறகு, படகை மெதுவாக ஓட்டி அறுக்குளாவுக்கும் பாரைக்கும் தூண்டில் இழுப்பேன்.

ஸ்காபரோவில் இருக்கிற மச்சான் தான் ஒன்ராறியோ ஏரியில் சாமன் மீனுக்குப் பாவித்த கைச்சுற்று டவுன்ரிகர் ஒன்றை அனுப்பியிருக்கிறார். இங்கே பலர் பார்த்திருக்க மாட்டார்கள், அதனால் சொல்கிறேன். படகின் விளிம்பில் பூட்டுகிற ஒரு சட்டம். அதில் ஒரு பெரிய சில்லு, சில்லு நிறைய ஸ்ரெயின்லெஸ் வயர், வயரின் முனையில் 10 இறாத்தல் ஈயக்குண்டு. தூண்டில் நூலைக் குண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளிப்பில் கவ்வ வைத்து இறக்குவோம். மீன் அடித்தால் நூல் கிளிப்பிலிருந்து கழன்றுவிடும், பிறகு பாரம் இல்லாமல் மீனோடு மட்டும் மல்லுக்கட்டலாம். எத்தனை அடி இறங்கியது என்று காட்ட, சட்டத்தின் பக்கத்தில் மூன்று இலக்கக் கவுன்ரர் ஒன்று இருக்கிறது.

அந்தக் கவுன்ரர்தான் பிரச்சினை. குண்டு நீர்மட்டத்தில் இருக்கும்போது பூச்சியம் வைத்து இறக்குகிறேன். திரும்பச் சுற்றிக் குண்டு நீர்மட்டத்துக்கு வந்தால், சில நேரம் 7, 11 என்று மிச்சம் நிற்கிறது. சில நேரம் பூச்சியத்தையும் தாண்டி 994 காட்டுகிறது. 29க்கும் 30க்கும் இடையில் இலக்கம் பாதி பாதியாக நின்றுவிடுவதும் உண்டு.

எங்கள் பக்கம் கடலடியில் பார், அதாவது கற்பாறைத் திட்டு, இருக்கிறது. மீன் நிற்பதும் பாருக்கு மேலேதான். குண்டு அதற்கு மேலே இரண்டு பாகம் (12 அடி) உயரத்தில் போனால் நல்லது, பாரில் கொழுவினால் ஆபத்து. அந்த வயர் இலேசில் அறாது, நீரோட்டமும் சேர்ந்தால் படகையே ஒருபக்கம் சரித்துவிடும். அதனால் இதை ஒப்பேற்றிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பெரிய சில்லின் அச்சிலிருந்து கவுன்ரருக்கு ஒரு றப்பர் வளையம் ஓடுகிறது. மினுங்கிப்போய், விரித்துப் பார்த்தால் வெடிப்புத் தெரிகிறது. படம் இணைத்திருக்கிறேன். இதை மட்டும் மாற்றினால் சரிவருமா? யாழ்ப்பாணத்தில் எங்கே கிடைக்கும்?

---

ஸ்காபரோ ஏரிக்கரை எழுதியது:

வணக்கம் தம்பி. நானும் ஒன்ராறியோ ஏரியில் இதே வேலைக்குத்தான் பாவிக்கிறேன். இங்கே கோடையில் மேல்தண்ணீர் சூடாகிவிடும், சினூக் சாமன் குளிர்ந்த தண்ணீர்ப் படையைத் தேடிக் கீழே போய்விடும். பத்தடி பிழைத்தாலும் மீன் இல்லை, அதனால் கவுன்ரரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்போம். ஆனால் இது நன்னீர் ஏரி. வேலை முடிந்தால் துடைத்துவிட்டு வைத்தாலே போதும், உப்பு என்ற கதையே இல்லை. உங்களிடம் வந்தது நன்னீரில் வளர்ந்த சாமான், கடலுக்குப் புதிது.

பெல்ற் இங்கே வாங்கலாம், ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தும் விடலாம். மின்சாரத்தில் ஓடுகிற வகை சிலவற்றில் பெல்ற்றே கிடையாது. சில்லில் ஒரு காந்தம் இருக்கும், அது உணரியைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் எண்ணப்படும். அதில் பிழை வந்தால் காந்தம் கழன்றதா, வயர் இணைப்பில் களிம்பு ஏறியதா என்று பார்க்க வேண்டும். உங்களுடையது கைச்சுற்று என்பதால் அந்தத் தலையிடி இல்லை.

---

நெல்லியடி ரேடியோ எழுதியது:

தம்பி, நான் கடலுக்குப் போகிறவன் இல்லை. நெல்லியடியில் ரேடியோ, கசற் ரேப் திருத்துகிற கடை வைத்திருந்தவன். உங்கள் படத்தைப் பார்த்தவுடன் கை துருதுருத்தது. இது ரேப் றெக்கோடரில் இருந்த அதே மூன்று இலக்கக் கவுன்ரர். அங்கே கசற்றைச் சுற்றும் அச்சிலிருந்து ஒரு மெல்லிய பெல்ற் போகும். இங்கே அது கொஞ்சம் தடித்த வளையம், அவ்வளவுதான் வித்தியாசம். நோயும் அதேதான். ஆகவே தைரியமாகச் சொல்கிறேன்: பெல்ற்றை மாற்றுவதற்கு முன் கவுன்ரரைப் பாருங்கள்.

வளையத்தைக் கழற்றிவிட்டு, கவுன்ரரின் சின்னச் சில்லை விரல் நுனியால் மெதுவாகச் சுற்றுங்கள். 1இலிருந்து 9 வரை ஒரு இலக்கச் சில்லு மட்டும்தான் புரளும், இலேசாக இருக்கும். 9இலிருந்து 10க்குப் போகையில் இரண்டு சில்லு சேர்ந்து புரள வேண்டும். 99இலிருந்து 100க்கு மூன்றும் ஒரே நேரத்தில் புரள வேண்டும். அந்த இடங்களில் விரலுக்கு இறுக்கம் தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால், புதுப் பெல்ற் போட்டாலும் அதே இடத்தில் வழுக்கும். கொஞ்ச நாள் நன்றாக ஓடுவதுபோல் இருக்கும், புது றப்பரின் பிடி போனதும் பழைய கதைதான். 29க்கும் 30க்கும் இடையில் பாதியாக நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய துப்பு.

உள்ளே நடப்பது இதுதான். ஒவ்வொரு இலக்கச் சில்லின் ஒரு பக்கத்திலும் ஓரிடத்தில் மட்டும் இரண்டு பல் இருக்கும். ஒரு முழுச் சுற்றுக்கு ஒருமுறை அது பக்கத்தில் உள்ள குட்டிப் பற்சில்லைத் தட்டும், அந்தக் குட்டி அடுத்த இலக்கத்தைப் பத்தில் ஒரு பங்கு தள்ளும். இந்தக் குட்டிகள் எல்லாம் ஊசிபோன்ற மெல்லிய கம்பி ஒன்றில்தான் சுழல்கின்றன. கடல்தண்ணீர் தெறித்துக் காய்ந்தால் உப்பு போய்க் குந்துவது அந்தக் கம்பியில்தான். வெளியே கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலே வந்த பிறகு 7 மிச்சம் நின்றால், ஏற்றும்போது வழுக்கியிருக்கிறது. 994 காட்டினால், இறக்கும்போது வழுக்கியிருக்கிறது. உங்கள் பார்க் கதைக்கு அந்த இரண்டாவதுதான் பயம். கவுன்ரர் 30 என்று காட்டும்போது குண்டு 36 அடியில் இருந்திருக்கிறது. நீங்கள் மேலே என்று நினைக்கையில் அது கீழே போகிறது. 994ஐக் கண்ட நாள் அந்தக் கவுன்ரரை நம்பிப் பாருக்கு மேலே இழுக்க வேண்டாம்.

கழுவுகிற விதம்: கவுன்ரரைத் தனியாகக் கழற்றி இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஓர் இரவு ஊற விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். எங்கள் மண் சுண்ணக்கல், தண்ணீர் கடினம், கரையோரக் கிணறுகள் உவர் வேறு. உப்பைக் கரைக்கப் போய்ச் சுண்ணாம்பைப் படிய விட்டுவிடும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அது, இல்லாவிட்டால் வாகனப் பற்றறிக்கு ஊற்றுகிற தண்ணீர் ஒரு போத்தல் வாங்குங்கள். தண்ணீருக்குள் வைத்தே சில்லை முன்னும் பின்னும் சுற்றுங்கள், மென்மையான பல் தூரிகையால் பக்கங்களைத் தட்டுங்கள், தண்ணீரை மாற்றி இன்னொரு தடவை. பிறகு நிழலில் காய வையுங்கள். பெற்றோல், தின்னர் இரண்டையும் கிட்டவே கொண்டுபோக வேண்டாம். இலக்கம் தெரிகிற கண்ணாடி உண்மையில் பிளாஸ்ரிக், பாளம் பாளமாக வெடித்துவிடும்.

எண்ணெயும் விடாதீர்கள். தையல் மெஷின் எண்ணெய் விட்டால் அன்றைக்கு இலேசாகச் சுற்றும், பிறகு தூசும் உப்பும் அதில் ஒட்டிக் களியாகிவிடும். றப்பரில் பட்டால் அது ஊதிப் போகலாம். சிலிக்கன் கிறீஸ் ஒரு குண்டூசித் தலையளவு, அச்சு நுனிகளுக்கு மட்டும்.

இனி வளையம். பெரிய சில்லின் அச்சிலும் கவுன்ரரின் சின்னச் சில்லிலும் வளையம் ஓடுகிற இரண்டு தவாளிப்புகளையும் சுற்றித் தையல் நூலைப் போட்டு, வெட்டி, நீளத்தை அளந்துகொள்ளுங்கள். அதைவிட 5இலிருந்து 8 வீதம் சின்ன வளையம் வேண்டும். இதைவிடச் சின்னதாக, இறுக்கமாகப் போட்டால் நல்லது என்று நினைப்பார்கள், அது கவுன்ரரின் அச்சைத்தான் தின்னும். கசற் பெல்ற் சதுர வெட்டுமுகம், உங்கள் தவாளிப்பு வி வடிவம், அதற்கு உருண்டை வளையம்தான் பொருந்தும். தண்ணீர்ப் பம்ப் சாமான் விற்கிற கடையில் ஓரிங் என்று கேளுங்கள். தோட்டக்காரர் எல்லோருக்கும் பம்ப் இருக்கிற ஊர், பல அளவிலும் வைத்திருப்பார்கள். நைற்றைல் றப்பர் என்று சொல்லி வாங்குங்கள், எண்ணெய்க்குத் தாங்கும். வெயிலுக்கு அவ்வளவு தாங்காது, அதனால் படகு கரையில் நிற்கும்போது சாக்கு ஒன்றால் மூடி விடுங்கள்.

பெரிய சில்லின் அச்சைக் கழற்றித்தானே வளையத்தைப் போட வேண்டும்? போடும்போதே உபரியாக இன்னொன்றையும் அச்சுக்குள் விட்டு, சுழலும் பகுதியில் முட்டாமல் சட்டத்தோடு நூலால் கட்டி வையுங்கள். நடுக்கடலில் அறுந்தால் நூலை வெட்டி இழுத்து மாட்டலாம்.

---

குருநகர் வாத்தியார் எழுதியது:

ரேடியோ அண்ணை சொன்னதற்கு மேல் கவுன்ரர் திருத்துவதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திருத்திய கவுன்ரரும் ஆழத்தைக் காட்டாது. அது சில்லின் சுற்றுகளை மட்டும்தான் எண்ணுகிறது. கணிதம் படிப்பிக்கிறவன் என்பதால் இதை விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

சில்லில் வயர் நிறைந்திருக்கும்போது விட்டம் 10 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு 31 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே இறங்கும். வயர் குறைந்து விட்டம் 9 ஆனால் 28தான் இறங்கும். கவுன்ரருக்கு இரண்டும் ஒன்றே. வயரை மாற்றி, வேறு தடிப்பில் பின்னல் நூல் போட்டாலும் பழைய கணக்குப் பொருந்தாது.

அடுத்தது சரிவு. படகு ஓடும்போது குண்டு நேரே கீழே தொங்காது, பின்னால் இழுபடும். வயர் நிலைக்குத்திலிருந்து 30 பாகை சரிந்தால் 10 பாகம் வயருக்கு ஆழம் 8.7 பாகம். 45 பாகை சரிந்தால் 7 பாகம்தான். கோணமானியில் நூலும் ஈயமும் கட்டிப் படகில் வைத்துக்கொள்ளலாம். எக்கோ சவுண்டர் (ஒலியால் ஆழம் பார்க்கிற கருவி) இருக்கிறவர்கள் படகை நிறுத்திக் குண்டை நேரே இறக்கினால் திரையில் குண்டே கோடாகத் தெரியும், அதைக் கவுன்ரரோடு ஒப்பிடலாம்.

சரி, எதை நம்புவது? வயரை நம்புங்கள். எங்கள் அப்பா கயிற்றைக் கை விரித்து அளந்துதான் எத்தனை பாகம் என்று சொல்வார், எந்தச் சில்லும் அவருக்குத் தேவைப்படவில்லை. வயரைக் கரையில் நீட்டி, அளவு நாடாவால் 30 அடிக்கு ஒரு அடையாளம் வையுங்கள். அது 5 பாகம். அடையாளம் முனைக் கப்பியைத் தாண்டும்போது கவுன்ரர் என்ன சொல்கிறது என்று எழுதி வைத்தால், கவுன்ரரின் பிழை உங்கள் கையில் இருக்கும். கவுன்ரர் நின்றே போனாலும் தொழில் நிற்காது.

வயர் வெட்டும் குறடு ஒன்றைக் கையெட்டும் இடத்தில் கட்டி வையுங்கள். பாரில் கொழுவினால் யோசிக்க நேரம் இராது.

---

தாளையடிப் படகு எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ரேடியோ அண்ணை சொன்னபடி விரலால் சுற்றிப் பார்த்தேன். 19, 29, 39 எல்லாவற்றிலும் தடக்கியது, 99இல் அப்படியே நின்றது. பற்றறித் தண்ணீரில் ஊற வைத்தேன். மறுநாள் தண்ணீர் கலங்கல், அடியில் நெருநெருவென்று மண்போல. இரண்டாம் தண்ணீரில் சுற்றும்போதே 99 தாண்டி 100 விழுந்தது. பழைய வளையம் கழற்றும்போதே இரண்டாகப் போனது. நெல்லியடியில் பம்ப் கடையிலேயே ஓரிங் கிடைத்தது, உபரியையும் கட்டி வைத்துவிட்டேன்.

நேற்று இறக்கி ஏற்றிப் பார்த்தேன். 90 அடிக்கு விட்டு எடுத்தால் பூச்சியம், அல்லது ஒன்று கூடக் குறைய. ஓடும்போது வயரின் சரிவையும் முதன்முறையாகக் கவனித்தேன். நான் நினைத்திருந்ததைவிடக் கூட.

வாத்தியார், வயரில் எதனால் அடையாளம் வைப்பது? நூல் கட்டினால் கப்பியில் சிக்காதா?

---

குருநகர் வாத்தியார் எழுதியது:

முடிச்சுப் போட்டால் சிக்கும். வயரை முதலில் ஸ்பிரிற்றால் துடைத்துக் கொழுப்புப் போக்கிவிட்டு, கடும் சிவப்புக் கியூடெக்ஸ் ஒரு சாண் நீளத்துக்குப் பூசுங்கள், காய்ந்ததும் இன்னொரு பூச்சு. 5 பாகத்துக்கு ஒரு பட்டை, 10க்கு இரண்டு, 15க்கு மூன்று. கப்பியில் உரசி உரசித் தேயும், மாதம் ஒருமுறை பார்த்துத் திரும்பப் பூச வேண்டும்.

---

நெல்லியடி ரேடியோ எழுதியது:

நல்லது தம்பி. கடலால் வந்தவுடன் கவுன்ரர்ப் பக்கத்துக்கு ஒரு கோப்பை நல்ல தண்ணீர் ஊற்றி, ஈரத்தோடேயே பத்துச் சுற்று முன்னும் பின்னும் சுற்றிவிட்டுத்தான் சாக்கால் மூட வேண்டும். காய்ந்த பிறகு ஊற்றினால் பாதிப் பயன்தான்.