கனடாப் பாடகி ஜோனி மிட்செல் பாடல்களை கிதாரில் எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

புதுக்கம்பி:
சாதா ட்யூனிங்கில் (கம்பிகளுக்கு வழக்கமாக வைக்கும் சுருதி) ஓரளவு வாசிப்பேன். ‘பிக் யெல்லோ டாக்சி’யை நெட்டில் கிடைத்த கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) வைத்து வாசித்தால், கார்டு மாறும் இடமெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ரெக்கார்டில் கேட்கும் அந்த முழக்கம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. எல்லாரும் கொண்டாடும் ‘ப்ளூ’ ஆல்பத்திலிருந்து தொடங்கலாமா? பாட்டுக்குப் பாட்டு ட்யூனிங் மாற்றினால் கம்பி தாங்குமா?

மரப்பெட்டி:
கார்டில் பிழையில்லை, ட்யூனிங்தான் வேறு. ஒன்பது வயதில் போலியோ வந்து மிட்செலின் இடது கை பலவீனமானது. கஷ்டமான கார்டுகளைப் பிடிப்பதற்குப் பதில் கம்பிகளின் சுருதியையே மாற்றிக்கொண்டார். ஐம்பதுக்கு மேற்பட்ட ட்யூனிங்குகள் அப்படிப் பிறந்தவை.

‘பிக் யெல்லோ டாக்சி’ ஓப்பன் இ, அதாவது எந்தக் கம்பியையும் அழுத்தாமல் மீட்டினாலே இ கார்டு ஒலிக்கும் ட்யூனிங். அதற்கு மூன்று கம்பிகளை மேலே ஏற்ற வேண்டும். கழுத்துக்கும் பாரம், கம்பியும் அறும். ஓப்பன் டி வைத்து இரண்டாம் ப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கேபோ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுங்கள், சுருதி அதேதான். ஆறாம் (தடித்தது), இரண்டாம், முதல் (மெல்லியது) கம்பிகளை இரண்டு அரைச்சுரம் இறக்குங்கள், மூன்றாவதை ஒன்று. மற்ற இரண்டையும் தொட வேண்டாம். கேபோவிலிருந்து எண்ணினால் வெறும் கம்பி இ, ஐந்தாம் ப்ரெட் ஏ, ஏழாம் ப்ரெட் பி. குறுக்கே ஒரு விரல் போதும். 1969-இல் வந்த ‘போத் சைட்ஸ் நௌ’வும் இதே ட்யூனிங்தான்.

ஏழாம்ப்ரெட்:
‘ப்ளூ’ (1971) கேட்பதற்கு எவ்வளவு உயர்வோ, கிதார் கற்க அவ்வளவு தோதில்லாதது. பத்துப் பாட்டில் நான்கு பியானோ. ‘ஆல் ஐ வான்ட்’, ‘கேரி’, ‘கலிஃபோர்னியா’, ‘எ கேஸ் ஆஃப் யூ’ நான்கிலும் அவர் கையில் இருப்பது மடியில் வைத்து வாசிக்கும் டல்சிமர். அவருடைய கிதாரை நம்பி நிற்பவை ‘லிட்டில் க்ரீன்’, ‘திஸ் ஃப்ளைட் டுநைட்’ இரண்டு மட்டுமே. மற்றவற்றுக்கு நெட்டில் கிடைக்கும் கிதார் டேப் (எந்தக் கம்பியில் எந்த ப்ரெட் என்று காட்டும் குறிப்பு) பெரும்பாலும் யாரோ மாற்றியமைத்ததுதான். கைப்பழக்கம் வரும், அவருடைய பாணி வராது. ‘லேடீஸ் ஆஃப் த கேன்யன்’ (1970) எடுத்து, ‘த சர்க்கிள் கேம்’ வழியாக ஓப்பன் ஜி-க்குப் போங்கள்.

தந்திமீட்டி:
உண்மையான சோதனை ‘ஹெஜிரா’ ஆல்பம் (1976). அதில் ‘கயோட்டி’ பாட்டின் ட்யூனிங் சி–ஜி–டி–எஃப்–சி–இ. ஆறாவதை நான்கு அரைச்சுரம் இறக்குங்கள், ஐந்தாவதையும் மூன்றாவதையும் இரண்டிரண்டு. இரண்டாவது மட்டும் அரைச்சுரம் ஏறும். நாலும் ஒன்றும் அப்படியே.

இங்கேதான் பலர் தடுக்கி விழுவார்கள். 12-53 செட்டின் (எண்கள் கம்பித் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகளாக) தடித்த கம்பி சி-க்கு இறங்கினால் தொளதொளத்து ப்ரெட்டில் அடித்து இரையும். 56 போடுங்கள், நட்டின் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் பட்டை) பள்ளத்தில் அது உட்காருகிறதா என்று முதலில் பாருங்கள். இழுவிசை குறைந்ததும் கழுத்து தளரும், மற்ற கம்பிகளின் சுருதி தானாக ஏறும். அதனால் ஒரு சுற்று முடிந்ததும் இன்னொரு சுற்று வந்தே ஆக வேண்டும். எந்தக் கம்பியையும் வேண்டிய சுருதிக்குக் கீழே கொண்டுபோய், மேலே ஏற்றி நிறுத்துங்கள். இறக்கியபடியே நிறுத்தினால் வாசிக்கும்போது நழுவும்.

இன்னொன்று: அந்தப் பாட்டில் ஜாகோ பாஸ்டோரியஸின் பாஸ் கிதார் பாதி வேலை செய்கிறது. தனியாக வாசித்துவிட்டு ‘ஏதோ குறைகிறதே’ என்று கையைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

மரப்பெட்டி:
கம்பியைத் தொடாமலே மாற்றவும் வழி உண்டு. 1990-களின் நடுவில் மிட்செலே ரோலண்ட் விஜி-8 என்ற மின்னணுப் பெட்டிக்கு மாறினார். கிதார் கம்பி சாதா ட்யூனிங்கில் இருக்கும், ஸ்பீக்கரில் வருவது பெட்டியில் சேமித்த ட்யூனிங். 1998-இல் வந்த ‘டேமிங் த டைகர்’ ஆல்பம் பெரும்பாலும் அந்த ஒலிதான். (எனக்குக் கொஞ்சம் பிளாஸ்டிக் வாடை அடிக்கும்.) வீட்டில் அப்படிப்பட்ட கருவி வாங்கினால் ஹெட்போன் கட்டாயம், இல்லாவிட்டால் கம்பியின் சொந்தச் சுருதியும் காதில் விழுந்து குழப்பும்.

பாடிக்கொண்டே வாசிப்பதாக இருந்தால் 1969-இன் சுருதியைத் துரத்தாதீர்கள். 2000-இல் ஆர்கெஸ்ட்ராவோடு மறுபடி பாடிய ‘போத் சைட்ஸ் நௌ’வைக் கேளுங்கள்: குரல் நன்றாக இறங்கியிருக்கிறது, பாட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் நீண்டிருக்கிறது. 2015-இல் மூளை ரத்தக்குழாய் வீக்கத்தால் முடங்கி மீண்டவர், 2022 நியூபோர்ட் இசை விழாவில் கிதார் வாசித்தார். 2024 கிராமி மேடையில் 80 வயதில் இதே பாட்டைப் பாடினார், இன்னும் கீழே.

புதுக்கம்பி:
நன்றிங்க. ஓப்பன் டி வைத்துவிட்டேன். மூன்றாம் கம்பி மட்டும் ‘டிக்’கென்று தாவுகிறது, எஃப் ஷார்ப்பில் நிற்கவில்லை.

தந்திமீட்டி:
நட்டில் கம்பி பிடிக்கிறது. கம்பியைத் தளர்த்தி, அந்தப் பள்ளத்தில் 2பி பென்சிலால் நாலு தேய்ப்பு தேய்த்துவிட்டுத் திரும்பச் சுருதி சேருங்கள். அப்போதும் தாவினால் பள்ளம் குறுகல். கடையில் கொடுத்து அரத்தால் லேசாக அகலப்படுத்தச் சொல்லுங்கள், ஆழப்படுத்த விடாதீர்கள்.