எலும்பு இன்னும் கூடவில்லை, என்ன செய்யலாம்?

அண்ணன்மாரே, அக்காமாரே, மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறேன். ரப்பர் பால் வெட்டப் போன அண்ணன் பைக்கோடு பள்ளத்தில் விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்தது. கம்பி வைத்து ஒன்பது மாதமாகியும் ஓரிடத்தில் கூடவில்லை. (பீடியை விட்டால்தானே கூடும்!)

டாக்டர் இரண்டு வழி சொல்கிறார். இடுப்பெலும்பில் கொஞ்சம் சுரண்டி எடுத்து இடைவெளியில் வைப்பது ஒன்று. பழகிய, நம்பகமான வழி. ஆனால் எடுத்த இடமும் வலிக்குமாம். இன்னொன்று, பிஎம்பி-2 என்ற வளர்ச்சிக் காரணியை (எலும்பை வளரத் தூண்டும் புரதம்) கொலாஜன் என்ற புரதத்தால் ஆன பஞ்சில் ஊறவைத்துப் பொருத்துவது. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவோமே, அதுதான் அந்தப் பஞ்சு. செல்கள் அதைப் பிடித்து எலும்பை உருவாக்கும், பஞ்சு கரைந்துபோகும். எலும்புக்குள்ளேயே புது எலும்பை வளரத் தூண்டும் பொருள் இருப்பதை 1965இல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் கண்டறிந்ததில் தொடங்கிய வழி இது. ஆனால் அமெரிக்காவில் 2004இல் இதற்கு அனுமதி கிடைத்தது, தோல் கிழிந்த புதிய கால்முறிவுக்குத்தான். அண்ணனுடையதோ பழைய முறிவு. வீக்கமும் வரலாம். விலையைக் கேட்டதும் தலை சுற்றியது.

நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ யாராவது இப்படிச் செய்துகொண்டீர்களா? எத்தனை மாதத்தில் ஊன்றி நடந்தீர்கள்? எலும்புக்குப் பதிலாக வைக்கும் செயற்கைப் பொருளான கால்சியம் பாஸ்பேட் செராமிக் துண்டு மட்டும் வைத்தவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். அடுத்த வாரம் டாக்டரிடம் பதில் சொல்ல வேண்டும்.