புதுப்பிப்பு: உரக்கடையும் தொலைநிலை எம்.பி.ஏ.வும்

போன வருடம் இங்கே கேட்டிருந்தேன்: மன்னார்குடியில் அப்பாவின் உரக்கடையைப் பார்த்துக்கொண்டே தொலைநிலையில் எம்.பி.ஏ. படிக்கலாமா, இல்லை திருச்சிக்குப் போய்க் கல்லூரியில் சேரலாமா என்று. பாதிப்பேர் "கடையை விடாதே" என்றீர்கள். சரி, விடவில்லை. தொலைநிலையில்தான் சேர்ந்தேன்.

பாடம் கஷ்டமில்லை, காலண்டர்தான் கஷ்டம். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். ஜூன் 12 மேட்டூர் அணை திறந்துவிட்டால் குறுவை நெல்லுக்கு டிஏபி உரம் கேட்டுக் கடை வாசலில் கூட்டம். நான்கு தாளில் இரண்டை எழுதவே இல்லை. இரண்டு வருடப் படிப்பை நான்கு வருடம் வரை இழுக்கலாம் என்பதால் தப்பித்தேன்.

ஆனால் நடைமுறை மூலதனம் (தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவையான பணம்) பற்றிப் படித்த ராத்திரியே கடன் நோட்டைப் புரட்டினேன். சரக்குக்கு முன்பணம் கட்டுகிறோம், வசூலோ அறுவடைக்குப் பிறகு. நடுவில் நாலு மாதம் நம் பணம் வயலில் கிடக்கிறது! அப்பாவுக்கு இது தெரியும், எனக்குத்தான் புதிது.

விவாதிக்க வகுப்புத் தோழர்கள் இல்லாததுதான் பெரிய குறை. புத்தகமும் தாமதமாகவே வந்தது.

"மதிப்பிருக்கா?" என்று கேட்டவருக்கு: அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-இல் தெளிவுபடுத்தியது. சேரும் முன் அவர்கள் அங்கீகரித்த நிறுவனங்களின் பட்டியலைப் பாருங்கள்.

பாக்கி இரண்டு தாளுக்கும் டிசம்பருக்குப் பணம் கட்டியாச்சு. மழைதான் எப்படியோ.