மொய்க் கவரில் எவ்வளவு வைப்பது? வீட்டுக்கு வீடு, நாட்டுக்கு நாடு

வேலை விஷயமாகச் சோல், தோக்கியோ என்று அலைகிறவர்களும், இங்கே சிங்கப்பூரிலேயே சீன, மலாய் வீடுகளின் நல்லது கெட்டதுக்குப் போகிறவர்களும் எழுதுங்கள். தத்துவம் வேண்டாம். கையில் கவரோடு வாசலில் நின்று முழிப்பவருக்கு உதவ வேண்டும், அவ்வளவுதான்.

தேக்காக்காரர்:
குழப்பம் நம்முடைய 101 வெள்ளி மொய்யிலேயே தொடங்கிவிடுகிறது. நமக்கு அந்த ஒன்று, கணக்கை முடிக்காமல் விடுவதற்கு. நூறு என்றால் தீர்ந்தது. நூற்றொன்று என்றால் உறவு இன்னும் ஓடுகிறது. அதையே சீனர் கல்யாணத்தில் சிவப்பு உறையில் வைத்தால் பொருந்தாது. அங்கே நல்லது சோடியாக வர வேண்டும்: 128, 168, 188 என்று இரட்டைப்படைதான். நான்கு மட்டும் ஆகாது; சீனத்தில் அதன் ஓசை சாவைக் குறிக்கும் சொல்லோடு ஒட்டி வரும். ஹோட்டல் விருந்து என்றால் ஓர் இருக்கைக்கு ஆகும் செலவை ஒட்டி வைப்பது இங்கே எழுதாத சட்டம். நான்கு பேராகப் போய் ஒருவர் கணக்கில் கொடுக்காதீர்கள்.

வேடிக்கை இனிமேல்தான். அதே குடும்பத்தில் துக்கம் என்றால் வெள்ளை உறை, ஒற்றைப்படைத் தொகை. 31, 51, 101 வைக்கலாம். 30, 50, 70 என்று முதல் இலக்கம் ஒற்றையாக இருந்தாலும் பலர் ஏற்பார்கள். கெட்டது சோடி சேரக் கூடாதாம். ஆக, நம் கல்யாண மொய் அவர்களுடைய சாவு வீட்டுக்குக் கச்சிதமாக இருக்கும்! அலுவலகத்தில் ஆளுக்குப் பத்து வெள்ளி பிரித்துக் கவர் போடுகிறவர்கள் கடைசியில் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எட்டுப் பேர் போட்டால் 80 வரும். மேலே ஒரு வெள்ளிக் காசு சேர்த்தால் தீர்ந்தது.

புக்கிட் பாத்தோக்வாசி:
சீனர் துக்க வீடு பெரும்பாலும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில்தான். மூன்று, ஐந்து, ஏழு நாள் நடக்கும். மாலையில் போவது வசதி. சிவப்புச் சட்டை வேண்டாம். நுழையும் இடத்தில் ஒரு மேசை, நோட்டுப் புத்தகம், எழுத ஓர் ஆள். உறையின் மேல் பெயர் எழுதாமல் கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. இரவு எண்ணும்போது அந்த வீட்டார் தவித்துப்போவார்கள். ஊதுபத்தி பிடிக்க உங்கள் சமயம் இடம் தராவிட்டால் படத்தின் முன் தலை குனிந்து நின்றால் போதும். உட்கார்ந்தால் கடலையும் பொட்டலத் தேநீரும் வரும். தட்டில் சிவப்பு நூலும் மிட்டாயும் இருக்கும். நூலை ஒன்று எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு, உங்கள் வீட்டுப் படியேறும் முன் எறிந்துவிடுங்கள்.

கிளம்பும்போது விடைபெற்றுக்கொள்ளக் கூடாது, பேசாமல் எழுந்து வர வேண்டும். இதை நம்மவர்களுக்குக் கற்றுத்தரவே வேண்டாம். இழவு வீட்டில் "போய்ட்டு வரேன்" என்றால் வாயிலேயே போடுவார்களே! வீடு திரும்பியதும் நாம் தலைக்குக் குளிக்கிறோம். அவர்கள் பொமெலோ (பம்ப்ளிமாஸ்) இலை ஊறிய தண்ணீரில் கை முகம் கழுவுகிறார்கள்.

ஈசூன் அக்கா:
மலாய்க் கல்யாணத்தில் மேசையும் நோட்டும் தேடாதீர்கள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, பெற்றோரிடம் சலாம் சொல்லும் கைக்குள்ளேயே மடித்த உறை போய்விட வேண்டும். எண்ணில் ஒற்றை இரட்டை பார்ப்பதில்லை. பதிலுக்கு புங்கா தெலூர் கொடுப்பார்கள். முட்டை வைத்த அலங்காரம், இப்போது கேக்கோ சாக்லெட்டோகூட வருகிறது. வாங்காமல் வராதீர்கள், நம் தாம்பூலப் பைக்குச் சமம் அது. மரணம் என்றால் நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். கூடிய விரைவில், பெரும்பாலும் அன்றைக்கே அடக்கம் முடிந்துவிடும். மலர்வளையம் வேண்டாம். தோள், கால் மூடிய உடை. பெண்களுக்கு ஒரு துப்பட்டா. பணத்தைச் சாதாரண உறையில் வீட்டுப் பெரியவர் கையில் சத்தமில்லாமல் கொடுங்கள்.

கப்பல்துறைக்காரர்:
கொரியாவில் கல்யாணம், சாவு இரண்டுக்கும் வெள்ளை உறைதான். சிவப்பு தேடி அலைய வேண்டாம். தொகை 30,000, 50,000, 70,000 வொன் என்று ஒற்றையில் போகும், 100,000 விதிவிலக்கு. உறையின் பின்புறம் இடது கீழ் மூலையில் பெயரை மேலிருந்து கீழாக எழுத வேண்டும். துக்கம் பெரும்பாலும் மருத்துவமனையை ஒட்டிய ஈமக் கூடத்தில் நடக்கும். படத்துக்கு இரண்டு முறை விழுந்து வணங்கி, வீட்டாருக்கு ஒரு முறை. பிறகு யுக்கேஜாங் என்ற காரமான மாட்டிறைச்சிச் சூப்பைப் பரிமாறுவார்கள். மாடு சாப்பிடாதவர்கள் சோறும் துணைக்கறிகளும் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருங்கள். நின்றபடியே ஓடிவருவதுதான் மரியாதைக் குறைவு.

புக்கிட் பாத்தோக்வாசி:
அங்கேயும் வாசலில் நோட்டு உண்டா?

கப்பல்துறைக்காரர்:
உண்டு. யார், எவ்வளவு எல்லாம் எழுதுவார்கள்.

இளசு:
இந்த நோட்டு விஷயமே பிடிக்கவில்லை. அன்புக்கு எதற்குக் கணக்கு?

தேக்காக்காரர்:
தம்பி, கணக்கு வாங்குவதற்காக இல்லை, திருப்பிச் செய்வதற்காக. பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்தைப் பாருங்கள்: பழைய நோட்டைப் புரட்டி, போன தடவை வந்ததற்கு மேல் கொஞ்சம் கூட்டித்தான் வைப்பார்கள். இந்தோனேசியாவின் தானா தொராஜாவில் ஈமச்சடங்குக்கு வரும் பன்றியையும் எருமையையும்கூட எழுதி வைக்கிறார்கள்; அப்பன் வாங்கியதைப் பிள்ளை திருப்ப வேண்டும். ஒரே நாளில் எவராலும் புரட்ட முடியாத செலவை ஊரே பங்கு போட்டுக்கொள்கிற ஏற்பாடு இது. நோட்டு இல்லையென்றால் கூச்சப்படுகிறவன் ஏமாந்துபோவான். வட்டிக்கு விடுவது போல நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை.

தோக்கியோ தமிழச்சி:
ஜப்பானில் இதைக் கைவேலை ஆக்கிவிட்டார்கள். கவரைக் கன்வீனியன்ஸ் கடையிலேயே வாங்கலாம், ஆனால் கவரின் மேல் கட்டியிருக்கும் கயிற்றின் முடிச்சைப் பார்த்து எடுங்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் இழுத்தால் அவிழாத முடிச்சு, ஏனென்றால் இரண்டாம் முறை வரக் கூடாது. குழந்தைப் பிறப்புக்கு இழுத்தால் அவிழ்ந்து மறுபடி கட்டக்கூடிய பூ முடிச்சு. அவசரத்தில் மாற்றி எடுத்தால் கல்யாண வீட்டில் "மறுபடியும் நடக்கட்டும்" என்று வாழ்த்தியதாகிவிடும்.

நண்பர், சக ஊழியர் கல்யாணத்துக்கு 30,000 யென் வழக்கம். இரண்டாகப் பிரியாத எண், தாளும் மூன்றாகவே இருக்கட்டும். புத்தம் புதுத் தாள் வேண்டும். துக்கத்துக்கோ நேர் எதிர்: புதுத் தாள் வைத்தால் சாவுக்குக் காத்திருந்து வங்கியில் மாற்றியது போலாகும். புதுசுதான் இருக்கிறது என்றால் நடுவில் ஒருமுறை மடித்துவிடுங்கள். சக ஊழியர் வீட்டுத் துக்கத்துக்கு 5,000 யென் போதும். பெயரை வெளிறிய மையில் எழுத வேண்டும், கண்ணீர் விழுந்து மை கரைந்தது போல. அதற்கென்றே தூரிகைப் பேனா விற்கிறது. சில வாரம் கழித்து, கொடுத்ததில் பாதி அல்லது மூன்றில் ஒரு பங்கு மதிப்புக்குத் தேயிலையோ துண்டோ உங்கள் வீடு தேடி வரும். அதற்குப் பதில் பரிசு அனுப்பாதீர்கள், வட்டம் முடியாது.

இளசு:
துக்க வீட்டில் குட்டிப் பொட்டலத்தில் உப்பு கொடுக்கிறார்களாமே, அது எதற்கு?

தோக்கியோ தமிழச்சி:
சமையலுக்கு இல்லை, தீட்டுக் கழிக்க! வீட்டு வாசலுக்கு வெளியே நின்று மார்பு, முதுகு, கால் என்று ஒரு சிட்டிகை தூவித் தட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். மறந்து உள்ளே போய்விட்டால் மறுபடி வெளியே வந்து தூவுவார்கள். ஜோதோ ஷின்ஷு பிரிவுப் பௌத்தர்கள் மட்டும் உப்பு தர மாட்டார்கள். தரவில்லையே என்று கேட்டு நிற்காதீர்கள்.