கடல்பாசி எடுக்கப் போன இடத்தில் உங்களுக்கு என்ன நடந்தது?

பாம்பன் பேத்தி:
எனக்கு அப்போது பதினாறு வயசு. அம்மாச்சியோடு குருசடைத் தீவுப் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போயிருந்தேன். ரோந்துப் படகில் வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை, பையை அப்படியே கடலில் கவிழ்த்தார். அதுகூடப் போகட்டும். அம்மாச்சி காலில் கட்டியிருந்த தகட்டையும் கழற்றி வாங்கிக்கொண்டார். பாறை கிழிக்காமல் இருக்க அம்மாச்சியே தகரத்தை வெட்டிச் செய்தது. வீடு வரும்வரை வல்லத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்து முங்குகிற கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

கீழக்கரையான்:
வருத்தம்தான். ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986லேயே தேசியப் பூங்கா ஆக்கியாச்சே. சுண்ணாம்புக்குப் பவளப்பாறையை வெட்டி வெட்டித்தானே இரண்டு தீவு கடலுக்குள் போனது? கரையில் பாறை மலையாகக் குவிந்து கிடந்ததை நானே சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கிறேன். அப்போது யாரும் தடுக்கவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

சின்னப்பாலம் மருமகள்:
அண்ணே, பாறை வெட்டினவரையும் எங்கள் பையையும் ஒரே தராசில் வைக்காதீங்க. மாசத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று எங்கள் பொம்பளைகளே பேசி முடிவு கட்டினது. அதற்காகத்தான் 2015இல் எங்கள் ஊர் அக்காவுக்கு, தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குத் தருகிற சீகாலஜி விருது வந்தது. ஒரு கூட்டத்தில், பாசியை வேரோடு பிடுங்குறீங்களாமே என்று மேடையிலிருந்து ஒருவர் கேட்டார். என் மாமியார் மடியிலிருந்து ஒரு கொத்தை எடுத்து, அடியை விட்டு நுனியை மட்டும் கிள்ளிக் காட்டினார். மேடைக்காரர் அதற்குள் போனில் பேசப் போய்விட்டார். மாமியார் கை அப்படியே நீட்டியபடி நின்றது.

தொண்டி மாப்பிள்ளை:
எனக்கு அனுபவம் பெரிதாக இல்லை, ஒருமுறை பாம்பனில் காயப்போட்ட பாசியை மிதித்துத் திட்டு வாங்கினேன். ஒன்று சொல்கிறேன், இந்த முங்குகிற வேலையே வேண்டாம். மூங்கில் தெப்பம் கட்டி வளர்ப்புப் பாசி போடுங்கள். 45 நாளில் அறுவடை. குழுவாகச் சேர்ந்தால் வங்கிக் கடன் கிடைக்கும். கயிற்றை மட்டும் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள், வியாபாரியிடம் முன்பணம் வாங்காதீர்கள், காற்றுக் காலத்தில் தெப்பத்தை விட்டுவைக்காதீர்கள், விற்ற கணக்கைத் தனி நோட்டில் எழுதுங்கள்.

பாம்பன் பேத்தி:
குருசடைப் பவளத்தின் மேல் படர்ந்து மூடினதே அந்த வளர்ப்புப் பாசிதான் மாப்பிள்ளை, கப்பாபைகஸ். அப்புறம், நான் தொழில் கேட்டு எழுதவில்லை. தகட்டைப் பற்றி எழுதினேன். இரண்டாம் வாரமே அம்மாச்சி வேறு தகரம் தேடி வெட்டிக்கொண்டிருந்தாள்.